ஸ்டார் இருந்தா மட்டும் போதுமா? கூடைப்பந்தில் ஜெயிக்க 5 அடிப்படை

உயரமான ஆளும், பெரிய ஸ்டாரும் இருந்தா கப்பு நமக்குத்தான் என்று கூடைப்பந்தில் பலரும் நினைக்கிறார்கள். அந்த நினைப்புக்கு 2004-ம் ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் சரியான அடி விழுந்தது.

டிம் டங்கன், ஆலன் ஐவர்சன், லெப்ரான் ஜேம்ஸ் என்று நட்சத்திர பட்டாளத்துடன் போன அமெரிக்கா, முதல் ஆட்டத்திலேயே குட்டித்தீவான போர்ட்டோரிகோவிடம் 73-92 என்ற புள்ளிக்கணக்கில் மண்ணை கவ்வியது. அரைஇறுதியில் அர்ஜென்டினா 89-81 என்று அமெரிக்காவை சாய்த்து, கடைசியில் தங்கத்தையும் தட்டிச்சென்றது. அமெரிக்காவுக்கு வெண்கலம்தான் மிச்சம்.

காரணம் என்ன? அர்ஜென்டினாவின் முக்கிய வீரர்கள் பல ஆண்டுகள் சேர்ந்து ஆடியவர்கள். அமெரிக்க அணியோ சில வாரங்களில் அவசரமாக சேர்க்கப்பட்டது.

டீமாக ஜெயிக்க தேவையான அடிப்படை விஷயங்கள் வருமாறு:-

1. பாஸ்: எவ்வளவு வேகமாக ஓடினாலும் பந்தை முந்த முடியாது. 24 வினாடிக்குள் கூடைக்கு எறிந்தாக வேண்டும். அதனால் தட்டிக்கிட்டே நிற்காமல், ஆளில்லாத இடத்தில் நிற்பவருக்கு கொடுத்துடணும்.

2. ஓட்டம்: பாஸ் கொடுத்ததோட வேலை முடியலை. உடனே கூடையை நோக்கி ஓடணும். உங்களை தடுக்க ஒருத்தர் பின்னாடி வந்தால், இன்னொரு பக்கம் வழி திறக்கும்.

3. எறியும் இடம்: போர்ட்டோரிகோ ஆட்டத்தில் அமெரிக்கா 24 தடவை 3 புள்ளிக்கு குறிவைத்தது. விழுந்தது மூன்றே மூன்று! தூரத்திலிருந்து எறிவது கைகொடுக்காவிட்டால் பந்தை உள்ளே கொண்டு போகணும்.

4. தடுப்பு: கையால் அல்ல, காலால் தடுக்கணும். முழங்காலை மடக்கி, பக்கவாட்டில் நகர்ந்து வழியை மறிக்கணும். கையை நீட்டி இழுத்தால் பவுல். சர்வதேச விதிப்படி 5 பவுல் ஆனால் ஆள் அவுட்.

5. ரீபவுண்ட்: பந்து கூடையில் பட்டு திரும்பும்போது அண்ணாந்து பார்த்துக்கிட்டு நிற்கக்கூடாது. முதலில் எதிராளியை முதுகுக்கு பின்னால் நிறுத்தணும். அப்புறம்தான் குதிக்கணும். இடம் பிடிச்சா குள்ளமானவரும் பந்தை எடுக்கலாம்.

பாடம் படித்த அமெரிக்கா, அதன்பிறகு வீரர்களை 3 ஆண்டு திட்டத்தில் சேர்த்து தயார்படுத்தியது. 2008-ம் ஆண்டு பெய்ஜிங்கில் ஸ்பெயினை 118-107 என்று வென்று தங்கத்தை மீட்டது. ஏதென்சில் தோற்ற அதே லெப்ரான் ஜேம்சும் அந்த அணியில் இருந்தார் என்பது குறிப்பிடத்தக்கது.