சின்னத்திரையில் முதுமைக் கோலம்

இந்திய நாட்டில் தொலைக்காட்சி முதன்முதல் ஒளிபரப்பானது நாம் குடியேறி வாழும் இத்தலைநகரில்தான். 1959-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் சோதனை முறையில் தொடங்கிய அவ்வொளிபரப்பு, ஏறத்தாழக் கால் நூற்றாண்டு கழிந்த பின்னரே 'ஹம் லோக்' என்னும் நெடுந்தொடரைக் கண்டது. அது முதற்கொண்டு எத்தனையோ தாத்தாக்களும் பாட்டிகளும் மாமியார்களும் நம் இல்லங்களுக்குள் வந்து அமர்ந்துவிட்டனர். ஆயினும் அவர்களுள் பலர் உண்மையில் முதியோர் அல்லர். ஒப்பனையும், விளக்கொளியும், காமிரா நிற்கும் உயரமும் கூடிச் செய்த முதுமை அவர்களுடையது. அம்முதுமை செய்யப்பட்ட வரலாற்றையே ஈண்டுச் சிறிது எழுத விழைகின்றோம்.

மெக்சிகோ நாட்டில் குடும்பக் கட்டுப்பாட்டைத் தொடர் நாடகத்தின் வாயிலாக மக்களுக்கு எடுத்துரைத்தமை கண்டு, அதுபோன்றதொன்றை இங்கும் செய்யலாம் என முனைந்தவர் அந்நாளைய ஒலிபரப்புத் துறை அமைச்சர் வசந்த் சாத்தே. மனோகர் ஷ்யாம் ஜோஷி எழுத, பி. குமார் வாசுதேவ் இயக்க, 1984 ஜூலை 7 அன்று 'ஹம் லோக்' தொடங்கியது. நடுத்தரக் குடும்பம் ஒன்று, தலைமுறை மூன்று, வீடோ சிறிது. பெண்மக்களின் பெயர்கள் பட்கீ, மஜ்லீ, சுட்கீ. பெரியவள், நடுவிலாள், சின்னவள் என்பதே அவற்றின் பொருள். பிறந்த வரிசைதான் அவர்களுக்குப் பெயர்!

அக்காலத்தில் தஞ்சை மாவட்டத்துச் சிற்றூரிலிருந்து எம்முடன் வந்து தங்கியிருந்த எம் அன்னையார் இந்தியில் ஒரு சொல்லும் அறியார். எனினும் முதல் வாரத்திலேயே இன்னார் மாமியார், இன்னார் மருமகள், இவனே குடும்பத்திற்கு ஆகாதவன் என்று தவறாமல் கூறிவிட்டார். எவ்வாறு தெரிந்தது என வினவினோம். "உட்காருகிற இடத்தைப் பார்த்தால் தெரியாதா?" என்றார். அஃது உண்மை. சிறிய அரங்கில் எடுக்கப்பட்ட அக்காட்சிகளில் காமிரா சற்று விலகியே நின்றது. ஒரே சட்டத்துள் நால்வர் இருப்பர். பாட்டியும் அவருள் ஒருவராக ஏதேனும் கைவேலை செய்துகொண்டிருப்பார். முதுமை அங்கே அறையின் ஒரு பகுதியாக இருந்தது.

மற்றொரு நாள் அன்னையார் இன்னொன்றும் சொன்னார்: "அந்தப் பாட்டிக்கு முகத்துக்குத்தான் வயசாயிருக்கு, கைக்கு ஆகலை." பாட்டியாக நடித்த சுஷ்மா சேத்துக்கு அப்பொழுது வயது 48. டில்லி நாடகமேடையில் நெடுநாள் பயின்றவர் அவர். மேடைக்கு வேண்டிய முதுமை வேறு. கடைசி வரிசையில் இருப்பவருக்கும் தெரியும்படி சுருக்கங்களைக் கோடாக இழுக்க வேண்டும். கூனும் நடுக்கமும் சற்று மிகையாகவே இருத்தல் வேண்டும். காமிராவோ மூன்று முழ தூரத்தில் வந்து நிற்பது. மேடையில் சுருக்கமாகத் தெரிந்தது அதன் முன் வெறும் மைக்கோடாகத் தெரிந்துவிடும். ஆகவே ஒளிப்பதிவாளர் விளக்கின் துணையை நாடினார். முதியவர்க்குப் பக்கவாட்டிலிருந்து வன்மையான ஒளி பாய்ச்சினால் கன்னத்து மடிப்புகள் ஆழ்ந்து தோன்றும். இளையவர்க்கு முன்னிருந்து மெல்லொளி தந்தால் முகம் வழுவழுப்பாகும். காமிராவைத் தாழ்த்தி அண்ணாந்து நோக்கவைத்தால் தாத்தா மலைபோல் ஓங்குவார். உயர்த்திக் குனிந்து நோக்கவைத்தால் அதே தாத்தா இரங்கத்தக்கவராகிவிடுவார்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அத்தொடரில் உண்மையிலேயே எழுபது கடந்தவராக நமக்குக் காட்சி தந்தவர் நடிகர் அசோக் குமார். அவர் கதைக்குள் வரவில்லை. ஒவ்வொரு பகுதியின் இறுதியிலும் தோன்றி, நம் கண்ணுக்கு நேராக நோக்கி, கதைமாந்தர் நடத்தையைப் பற்றி நாலு சொல் பேசிப் போவார். அண்ணாந்தும் குனிந்தும் பாராமல் சமநோக்கில் ஒரு முதியவரைச் சின்னத்திரை நமக்குக் காட்டியது அப்பொழுதுதான் என்று எமக்குத் தோன்றுகிறது.

1986-இல் 'புனியாத்' வந்தது. அதை எழுதியவரும் ஜோஷியே. இயக்கியவர்கள் ரமேஷ் சிப்பியும் ஜோதி ஸ்வரூப்பும். லாகூரிலிருந்து பிரிவினையால் பெயர்ந்து டில்லி வந்த ஒரு குடும்பத்தின் கதை. ஊர் விட்டு ஊர் வந்த நமக்கும் அது நெஞ்சைத் தொட்டது. மாஸ்டர் ஹவேலிராம் இளைஞராகத் தொடங்கிக் கிழவராக முடிவார். அவ்வேடம் ஏற்ற அலோக் நாத்துக்கு அப்பொழுது வயது முப்பது. தலை நரைத்தது, கண்ணாடி ஏறியது, நடை தளர்ந்தது, குரல் தாழ்ந்தது, நாடே நம்பியது. விளைவு யாதெனில், 1989-இல் 'மைனே பியார் கியா' படத்தில் அவர் 33 வயதிலேயே கதாநாயகியின் தந்தையானார். ஒருமுறை பூசிய நரை எளிதில் கழுவப்படுவதில்லை போலும்.

2000-ஆம் ஆண்டு ஜூலையில் 'க்யூங்கி ஸாஸ் பீ கபீ பஹு தீ' தொடங்கியதும் முறையே மாறிற்று. நாள்தோறும் ஒளிபரப்ப நாள்தோறும் படமெடுத்தாக வேண்டும். ஒவ்வொரு முகத்துக்கும் தனித்து விளக்கமைக்க நேரமேது? எங்கும் ஒரே சீராக ஒளியைப் பரப்பிவிட்டு, உணர்ச்சியைப் பின்னர் வெட்டி ஒட்டும் மேசையில் சேர்த்தனர். ஒரு சொல் வெடித்தால் மாமியார் முகம் மும்முறை பாய்ந்து வரும், பின்னணியில் இடி முழங்கும். அடுத்து மருமகள் முகம். அதற்கடுத்துப் பாட்டி முகம். சட்டத்துள் ஒருவர்க்கு மேல் இடமில்லை. பாட்டி கைவேலை செய்துகொண்டிருந்த அறை எங்கோ மறைந்துபோயிற்று. 'பா' என்னும் மூதாட்டியாக வந்த சுதா சிவபுரி டில்லி மேடை தந்த பெருங்கலைஞர். எனினும் அவருக்கும் பெரும்பாலும் அதிர்ந்து பார்க்கும் வேலையே கிட்டியது. முதியவள் பூசையறை விளக்காக இருப்பாள், இன்றேல் சூழ்ச்சிக்காரியாக இருப்பாள். இரண்டுக்கும் இடையே நிற்க இடமில்லை.

துளசியாக நடித்த ஸ்மிருதி இரானிக்குத் தொடக்கத்தில் 24 வயது. கதை இருபது இருபது ஆண்டுகளாகத் தாவ, சில ஆண்டுகளிலேயே அவர் பாட்டியானார்! நெற்றியோரம் சில வெள்ளிழைகள், ஒரு கண்ணாடி, அவ்வளவே. நாயகிக்கு நரை வரலாம், சுருக்கம் வரலாகாது என்பது அங்கே எழுதாச் சட்டம். தமிழிலும் 2002-இல் தொடங்கிய 'மெட்டி ஒலி'யில், பெயரிலேயே டெல்லியைத் தாங்கிய டெல்லி குமார் ஐந்து பெண்களைப் பெற்ற தந்தையாய்க் கண்ணீர் சொரிந்தார். அதிலும் தந்தை என்றால் சுமை தாங்குபவர்தான். துளசியோ 2025 ஜூலையில் மீண்டும் வந்தாள். இம்முறை ஐம்பதை நெருங்கிய நடிகைக்கு ஒப்பனையாளர் செய்ய வேண்டிய வேலை குறைந்திருக்கும்.

இவற்றைப் பொழுதுபோக்கென்று தள்ளிவிட எமக்கு மனம் ஒப்பவில்லை. நம் பேரக்குழந்தைகள் ஊர்ப் பாட்டியை ஆண்டுக்கு ஒருமுறை காண்கிறார்கள். திரைப்பாட்டியை நாள்தோறும் காண்கிறார்கள். சென்ற கோடையில், பெரிய பாட்டி ஊரிலிருந்து வருகிறார் என்று எம் பேத்தியிடம் சொன்னோம். குழந்தை கேட்ட முதற்கேள்வி, "அவங்க நல்ல பாட்டியா, கெட்ட பாட்டியா?" என்பது.

பிறரை மட்டும் குறைகூறுவது முறையன்று. நம் சங்க மேடையிலும் தாத்தா வேடம் என்றால் முப்பது வயது அன்பர் ஒருவர்க்கே போகிறது. தலைக்கு மாவு, முகவாய்க்குப் பஞ்சு, கையில் தடி, வசனத்துக்கு வசனம் இருமல். மெய்யான தாத்தாக்கள் முன்வரிசையில் இருந்து கைதட்டுகின்றனர். சில ஆண்டுகளுக்கு முன் ஒத்திகைக்கு வந்த எழுபத்தெட்டு வயது உறுப்பினர் ஒருவர், அவ்வேடத்தைத் தமக்குத் தரலாகாதா என்று கேட்டார். வசனத்தைப் பிழையின்றிப் பேசியும் காட்டினார். நாடகக்குழுவினர் தயங்கித் தயங்கிச் சொன்ன விடை: "ஐயா, நீங்கள் பார்க்கக் கிழவர்போல் இல்லையே!"