எழுத்துக்கு ஓர் அகலப் பாதை

இராமேசுவரத்துக்கு ரயிலில் போயிருக்கிறீர்களா? மண்டபத்தைத் தாண்டியதும் கடல்மேல் நீண்ட பழைய பாம்பன் பாலம் 1914ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. கப்பலுக்கு வழிவிட அதன் நடுவே இரண்டு இரும்பு இறக்கைகள் அமைக்கப்பட்டன. ஒன்று மண்டபக் கரைப் பக்கமாகவும் மற்றொன்று பாம்பன் கரைப் பக்கமாகவும் மேலெழுந்தன. ரயில் போகவேண்டுமானால் இரண்டும் இறங்கி, நடுவில் பிசகின்றிப் பொருந்தவேண்டியிருந்தது. 2022 டிசம்பரில் அப்பாலத்தில் ரயில் ஓட்டம் நின்றது. 2025 ஏப்ரலில் பக்கத்திலேயே புதிய பாலம் திறக்கப்பட்டது.

பழைய பாலத்தில் முதலில் இருந்தது மீட்டர் பாதை. 2007இல்தான் அது 1.676 மீட்டர் அகலப் பாதையாயிற்று. இரண்டும் நல்ல அளவுகளே. ஆயினும் ஒன்றில் ஓடும் வண்டி மற்றதில் ஓடாது. பாதை மாறும் நிலையத்தில் இறங்கி, மூட்டை முடிச்சுகளுடன் வேறு வண்டி ஏறவேண்டியதுதான்.

கணிப்பொறியில் தமிழ் எழுத்துக்கும் இதே இடையூறு நேர்ந்தது. எப்படி என்று பார்ப்போம்.

கணிப்பொறிக்கு எழுத்து தெரியாது. எண் மட்டுமே தெரியும். ஆங்கிலத்தின் பெரிய ‘ஏ’ எழுத்துக்கு 65 என்பது உலகம் ஒப்புக்கொண்ட எண். எட்டு பிட்டுகளைக் கொண்டு 256 எண்களை ஆக்கலாம். அவற்றில் முதல் 128 ஆங்கிலத்துக்கும் கட்டளைகளுக்கும் போய்விட்டன. மீதி 128 இடங்களில் தமிழின் 247 எழுத்துகளை எப்படி அடக்குவது? கொம்பு, கால் முதலியவற்றைத் தனித் துண்டுகளாக்கி அடுக்கினார்கள். ஆனால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக அடுக்கினார்கள். தங்கச்சிமடத்தில் ஒரு தாய் தட்டச்சிட்ட கடிதம் சிங்கப்பூரிலுள்ள மகனுக்குப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே எழுத்துரு அவனிடம் இல்லாவிட்டால் திரையில் தெரிவது வெறும் கிறுக்கல்தான்.

இந்த நிலை 1990களில் இருந்தது. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரத்தின் ‘மயிலை’, மலேசியாவின் முத்து நெடுமாறனின் ‘முரசு அஞ்சல்’, சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமியின் ‘கணியன்’ என ஒவ்வொன்றும் உழைப்பால் உருவானது. எதை விடுவது, எதைக் கொள்வது? 1997 மே மாதம் சிங்கப்பூரிலும், 1999 பிப்ரவரியில் சென்னையிலும் இதற்காகவே கூடினார்கள். வாதங்கள் எல்லாம் இனிமையாகவே நடந்தன என்று சொல்வதற்கில்லை. தம் கையால் செய்ததை விட்டுக்கொடுப்பது எவருக்கும் எளிதன்று.

இங்கு ஒன்றைக் கவனியுங்கள். எதிரெதிரே நின்றவர்கள் இருவர் பக்கமும் நியாயம் இருந்தது. அச்சகத்தாருக்கு எழுத்து வடிவங்கள் எல்லாம் வேண்டும். இணையத்தில் எழுதுவோருக்குத் தமிழுடன் ஆங்கிலமும் ஒரே எழுத்துருவில் வேண்டும். யாரோ ஒருவர் அறியாமையால் பிடிவாதம் பிடித்ததல்ல காரணம், தேவைகளே வேறு. இதை உணர்ந்தபின் வழி பிறந்தது. 1999இல் தமிழ்நாடு அரசு, ஒருமொழிக்கு ‘டாம்’, இருமொழிக்கு ‘டாப்’ என இரு குறியீடுகளையும், ‘தமிழ் 99’ விசைப்பலகையையும் ஏற்றது. மறுபுறம் இணையத் தமிழர்கள் ‘திஸ்கி’ என்ற குறியீட்டை 1.6, 1.7 என்று பதிப்புப் பதிப்பாகத் திருத்தி வந்தார்கள்.

அடுத்த வாதம் ஒருங்குறி பற்றியது. இதில் தமிழுக்கு 1991இலேயே இடம் கிடைத்துவிட்டது. இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவான அடுக்கைத் தழுவி அது அமைந்தது. அதில் ‘க’ என்பதற்கு ஓர் எண். ‘க்’ என்பதற்கோ ‘க’வும் புள்ளியுமாக இரண்டு எண்கள். நம் இலக்கணப்படி ‘க்’ அல்லவா அடிப்படை, அதனுடன் அகரம் சேர்ந்தால்தானே ‘க’ என்று அறிஞர் சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஒருமுறை கொடுத்த எண்ணை ஒருங்குறியில் மாற்றுவதில்லை; மாற்றினால் அதுவரை எழுதிய ஆவணங்கள் எல்லாம் கெடும் என்றார்கள் மற்றவர்கள். அதுவும் நியாயமே.

மறுத்தவர்கள் ஏசிவிட்டு எழுந்து போகவில்லை. எல்லா எழுத்துக்கும் தனித்தனி எண் தரும் ‘டேஸ் 16’ என்ற மாற்று அட்டவணையைச் செய்து காட்டினார்கள். 2010 ஜூனில், கோவையில் செம்மொழி மாநாடு நடந்தபோது, அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. அவ்வசதி முழுமையாக இல்லாத இடங்களுக்கு ‘டேஸ் 16’ மாற்றாக அமைந்தது.

இவ்வரலாற்றில் என் மனத்தைத் தொட்ட செய்தி வேறொன்று. 1998இல் கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டம், சங்க நூல்கள் முதலாகப் பல நூல்களைத் தொண்டர்களின் கைகளால் தட்டச்சிட்டு இலவசமாக வழங்குகிறது. அந்நூல்கள் திஸ்கிக்கும், பின்னர் ஒருங்குறிக்கும் மாறின. தாமே செய்த மயிலையைப் பிடித்துக்கொண்டு அவர் நின்றுவிடவில்லை. நின்றிருந்தால் அந்நூல்களில் பல இன்று கிறுக்கலாகவே திரையில் தெரியும்.

இன்று இராமநாதபுரத்துப் பள்ளி மாணவி கைப்பேசியில் எழுதும் தமிழ், உலகில் எங்கும் தமிழாகவே தெரிகிறது. அவளுக்கு இந்தச் சண்டைகள் எதுவும் தெரியாது; தெரியவேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் நாளை அவளே நிரல் எழுதுவாள். அவள் எழுதியதில் ஒருவர் குறை சொல்வார். அப்போது சொன்னவர் யார் என்று பார்க்காமல், சொன்னது சரியா என்று பார்க்க அவளுக்கு இந்த வரலாறு உதவும்.