கொடியும் விளக்கும் வட்டும்

திருகோணமலைத் துறைமுகம் உலகின் ஆழமான இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று. 1795ஆம் ஆண்டில் பிரித்தானியர் அதனை ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றினர். அங்கிருந்த கடற்படைத் தளம் 1957ஆம் ஆண்டில் இலங்கை அரசிடம் கையளிக்கப்படும் வரையில் அவர்களுடைய போர்க்கப்பல்கள் அந்நீரில் நங்கூரமிட்டு வந்தன. அக்கப்பல்கள் தம்முள் பேசிக்கொள்வதற்குக் கொடியையும் விளக்கையும் பயன்படுத்தின. இவ்விரண்டின் வேறுபாட்டினை உணர்ந்தோர், இன்றைய கணினியினுள் நிகழ்ந்திருக்கும் ஒரு மாற்றத்தினையும் எளிதில் உணர்வர்.

கொடிப் பேச்சில் பல வண்ணக் கொடிகள் ஒரே கயிற்றில் ஒருங்கே ஏறும். பார்ப்பவன் அவற்றை ஒரே பார்வையில் படித்துக்கொள்வான். விளக்குப் பேச்சிலோ ஒளி ஒன்றுதான். அது நீண்டும் குறுகியும் ஒன்றன்பின் ஒன்றாக மினுங்கும். கொலம் என்னும் அதிகாரி வகுத்த இம்முறையைப் பிரித்தானியக் கடற்படை 1867ஆம் ஆண்டளவில் ஏற்றுக்கொண்டது. ஒருங்கே அனுப்புதல் விரைவானது என்றும், ஒவ்வொன்றாக அனுப்புதல் மெதுவானது என்றுமே எவருக்கும் முதலில் தோன்றும். வரலாறு வேறு விதமாகத் தீர்ப்பளித்தது.

மின்தந்தியின் கதையும் அவ்வாறானதே. 1809ஆம் ஆண்டில் மியூனிக் நகரில் சொமெரிங் என்பார் எழுத்துக்கு ஒரு கம்பியாகப் பல கம்பிகளை இழுத்துத் தந்தி அமைத்துக் காட்டினார். 1837இல் இங்கிலாந்தின் குக், வீற்ஸ்ரன் ஆகிய இருவரும் ஐந்து முட்களுடைய கருவியினை உருவாக்கினர். 1844இல் வாஷிங்டனுக்கும் பால்டிமோருக்கும் இடையே மோர்ஸ் அமைத்த தந்தியோ செய்தியை ஒரு கம்பியிலேயே குறி குறியாக அனுப்பியது. கம்பிக்கு ஆகும் செலவே அன்று பல கம்பிகளை ஒழித்தது.

கணினி செய்தவர்களும் இதே பாதையில் நடந்தனர். 1980களின் நடுப்பகுதியில் தோன்றிய ஏ.டி.ஏ. என்னும் இணைப்பில், கணினிக்கும் சேமிப்பு வட்டுக்கும் இடையே 40 கம்பிகள் கொண்ட பட்டையான வடம் ஓடியது. 16 குறிகள் அதில் ஒருங்கே பயணம் செய்தன. வேகம் கூடக் கூட இடரும் கூடிற்று. ஒருங்கே புறப்பட்ட குறிகள் ஒருங்கே வந்து சேரவில்லை. ஒரு கம்பியின் துடிப்பு அயற்கம்பியிலும் ஒலித்தது. கம்பிகளை 80 ஆக்கி, இடையிடையே வெற்றுக் கம்பிகளைக் காவலாக நிறுத்தியும் செக்கனுக்கு 133 மெகாபைற்றுக்கு மேல் அம்முறை செல்லவில்லை.

2003ஆம் ஆண்டில் சந்தைக்கு வந்த சாட்டா என்னும் தொடர்முறை இணைப்பில் ஏழே கம்பிகள். அவற்றுள் இரண்டு சோடிகள் மட்டும் செய்தி சுமந்தன. ஆயினும் செக்கனுக்கு 150 கோடி குறிகள் அவ்வழியே ஒன்றன்பின் ஒன்றாக ஓடின. 2009இல் அவ்வேகம் 600 கோடியாயிற்று. தாளம் சொல்லத் தனிக்கம்பி எதுவும் இல்லை. 1983இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் விட்மர், பிரானசெக் ஆகியோர் வெளியிட்ட உத்திப்படி, எட்டுக் குறிகள் பத்தாக மாற்றி எழுதப்படுகின்றன. ஒரே குறி ஐந்து முறைக்கு மேல் தொடர்ந்து வராது. ஆகவே குறி மாறும் கணங்களைக் கொண்டே பெறுபவன் தாளத்தைக் கண்டுகொள்கிறான்.

உரையாடல் தொடங்கும் முறை இன்னும் வியப்புக்குரியது. விளக்குக்காரன் முதலில் அழைப்பொளி காட்டுவான். எதிர்க்கப்பல் மறுமொழி மினுக்கிய பின்னரே செய்தி தொடங்கும். ஒவ்வொரு சொல்லுக்கும் 'பெற்றேன்' என்னும் மினுக்கம் திரும்பி வரும். சாட்டாவிலும் கணினி முதலில் சில துடிப்புக் கூட்டங்களை அனுப்புகிறது. வட்டு அதற்கு விடையிறுக்கிறது. அத்துடிப்புகளுக்கு இடைப்பட்ட மௌனத்தின் நீளமே அவற்றின் பொருளைத் தருகிறது. 320 நனோசெக்கன் மௌனம் 'புதிதாகத் தொடங்குக' என்பதாகும். அதன் மூன்றிலொரு பங்கு மௌனம் 'விழித்தெழுக' என்பதாகும். பின்னர் அனுப்பப்படும் ஒவ்வொரு செய்திக் கட்டுக்கும் 'நலமே வந்தது' என்றோ 'பிழைபட்டது' என்றோ பதில் வருகிறது.

இத்தகைய இணைப்பைக் கட்டுவது நெடுங்காலம் பெருந்தொழிற்சாலைகளுக்கே உரிய வேலையாயிருந்தது. தனிச்சில்லு வார்ப்பதற்குப் பெரும்பொருள் வேண்டும். ஒரு பிழை நேரினும் மீண்டும் வார்க்க வேண்டும். இத்தடையை நீக்கியது, வார்த்த பின்னரும் உள்ளமைப்பை மாற்றி எழுதத்தக்க சில்லு. றோஸ் பிறீமன் என்னும் அமெரிக்கப் பொறியியலாளரின் சிந்தனையில் உதித்த இவ்வகைச் சில்லு, 64 தர்க்கக் கட்டங்களுடன் 1985ஆம் ஆண்டில் வெளிவந்தது.

எனினும் அக்கட்டங்கள் செக்கனுக்கு 150 கோடி முறை துடிக்க வல்லவை அல்ல. அதனால் பிற்காலச் சில்லுகளின் ஓரத்தில் அதிவேக அனுப்பு உறுப்புகள் தொழிற்சாலையிலேயே பதிக்கப்பட்டன. உள்ளே 32 குறிகள் ஒருங்கே, செக்கனுக்கு 3 கோடியே 75 இலட்சம் முறை நிதானமாக நடக்கின்றன. அவ்வுறுப்பு அவற்றை 40 குறிகளாக்கி ஒற்றை வரிசையில் வெளியே விரட்டுகிறது. அழைப்பு, விடை, பிழை காணல் ஆகிய ஏனைய ஒழுங்குகளை வடிவமைப்பவரே எழுதிக்கொள்ளலாம். 2012ஆம் ஆண்டில் லூயிஸ் வூட்ஸ், கென் எகுரோ ஆகிய இருவர் இவ்வாறு ஒரு முழு இணைப்பினை எழுதி, 'கிரவுண்ட்ஹொக்' என்னும் பெயரில் ஆய்வுலகுக்கு அளித்தனர்.

திருகோணமலையில் சில்லு வார்க்கும் ஆலை இல்லை. அத்துறைமுகத்தில் மினுங்கிய விளக்குகளும் நெடுங்காலம் பிறருடைய செய்திகளையே பேசின. இன்று கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருக்கிறது. கணினியியல் அங்கே கற்பிக்கப்படுகிறது. மாற்றி எழுதத்தக்க சில்லொன்றும், அதனை எழுதும் அறிவும், பிழை கண்டு திருத்தும் பொறுமையும் வாய்க்குமாயின், வட்டுடன் பேசும் மொழியினை அங்குள்ள மாணவனும் தன் கையால் அமைக்கலாம். சில்லு பிறர் வார்த்ததாயினும், அதில் எழுதப்படும் ஒழுங்கு அவனுடையதாகவே இருக்கும்.