தங்கச்சி லேப்டாப்பில் நான் அழித்தது

2012இல் குன்னூரில் பிளஸ் டூ படித்த என் தங்கச்சிக்கு அரசின் விலையில்லா லேப்டாப் வந்தது. ஆன் பண்ணினால் கேட்கும்: விண்டோஸா, பாஸ் லினக்ஸா? பாஸ் என்பது டெபியனை அடிப்படையாக வைத்து சென்னை சி-டாக்கில் உருவானது. மெனுவே தமிழில் வரும். "அண்ணா, இதுல பாட்டே பாட மாட்டேங்குது" என்றாள். கோவையில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்த நான், ஒரே சாயங்காலத்தில் பாஸை அழித்து அந்த இடத்தையும் விண்டோஸுக்குக் கொடுத்தேன். லயன் வீட்டில் எனக்கு ஏக மரியாதை. (இன்று எனக்குச் சோறு போடுவது லினக்ஸ் சர்வர்கள்.)

அவளுடைய கம்ப்யூட்டர் சயின்ஸ் பாடநூலில் ஒரு தொகுதி முழுக்க ஸ்டார் ஆபீஸ். அதை மனப்பாடம் செய்து மார்க் வாங்கிவிட்டு, வெளியே வந்து வேர்டில் டைப் அடித்தார்கள்.

ஸ்டார் ஆபீஸின் கதையை ரொம்பப் பின்னால்தான் படித்தேன். 1980களில் வட ஜெர்மனியின் லூனபுர்க் ஊரில் மார்கோ பொரீஸ் என்ற பதின்வயதுப் பையன் தொடங்கிய கம்பெனியின் சரக்கு அது. 1999இல் அமெரிக்காவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் அந்தக் கம்பெனியை வாங்கியது; மறு வருஷமே மூலநிரலைத் திறந்துவிட, ஓப்பன் ஆபீஸ் பிறந்தது. 2010இல் சன்னை ஆரக்கிள் விழுங்கியது. நிரலில் வேலை செய்தவர்களில் பலர் அதே நிரலை எடுத்துக்கொண்டு விலகி, லிப்ரே ஆபீஸ் ஆரம்பித்தார்கள். முதலாளி மாறினாலும் கதவைப் பூட்ட முடியவில்லை. 2024இல், லூனபுர்க்கிலிருந்து எல்பே ஆற்றைத் தாண்டினால் வரும் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம், சுமார் 30,000 அரசுக் கணினிகளை லிப்ரே ஆபீஸுக்கு மாற்றுவதாக அறிவித்தது. காரணம், டிஜிட்டல் இறையாண்மை. ஊர்ப் பையன் எழுதியது உலகம் சுற்றி வீடு திரும்பிய கதை.

இறையாண்மை என்ற சொல் எங்கள் மலைக்குப் புதிதில்லை. ஊட்டி இந்து நகரில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1967இல் உற்பத்தியைத் தொடங்கியது. நுட்பம் பிரான்சின் பாஷே கம்பெனியுடையது. பிறகு பாலியெஸ்டர் எக்ஸ்ரே பிலிமுக்கு அமெரிக்காவின் டூபாண்டிடம் போக வேண்டியிருந்தது. ஆலை நம்முடையது, சூத்திரம் இரவல்.

பாஸில் சூத்திரமும் கையில் இருந்தது. ஆனால் பாட்டு ஓடாவிட்டால் போய்க் கேட்க குன்னூரில் ஓர் ஆள் இல்லை. வாத்தியாருக்குத் தெரியாது, சர்வீஸ் கடைக்காரருக்குத் தெரியாது. இருந்த ஒரே 'இன்ஜினியர்' நான். மியூனிக் நகராட்சியே லினக்ஸுக்குப் போய், 2017இல் விண்டோஸுக்குத் திரும்ப ஓட்டுப் போட்டது. அங்கே அரசியலும் இருந்தது, எங்களுக்கு அதுகூடத் தேவைப்படவில்லை.

போன பொங்கலுக்கு அந்த லேப்டாப்பைத் தேடி எடுத்தேன். பேட்டரி செத்துவிட்டது. "இதுல தமிழ்ல ஒரு மெனு வருமே, ஞாபகமிருக்கா?" என்றேன்.

"நீதானேண்ணா அழிச்சே?" என்றாள்.