கானாவும் ஒரு பங்க் தான்!

சிங்காநல்லூரில் பங்க் என்றால் பெட்ரோல் பங்க் தான். 'நல்ல பங்க் ஆல்பம் ஒன்று சொல்லுங்க' என்று யாரிடமாவது கேட்டால், திருச்சி ரோட்டில் எங்கே கலப்படமில்லாமல் போடுகிறார்கள் என்று சொல்வார்கள் :)

லண்டனில் 1976-77 வாக்கில் கிளம்பிய பங்க் இசையின் கொள்கை ரொம்ப எளிது. மூன்று கார்டு தெரிந்தால் போதும், மேடை ஏறு. குருவும் வேண்டாம், யாருடைய அனுமதியும் வேண்டாம். 1978 ஏப்ரல் 30 அன்று அங்கே விக்டோரியா பார்க்கில் இனவெறிக்கு எதிராகப் பெருங்கூட்டம் கூடியபோது 'தி க்ளாஷ்' குழு வாசித்தது. அந்த இசை அரசியல் பேசியதற்கு இன்றும் அதைத்தான் உதாரணம் காட்டுகிறார்கள்.

ஆனால் அந்தக் கொள்கைக்கு அண்ணன் முறையில் ஒருவர் வட சென்னையில் ஏற்கனவே இருந்தார். அவர் பெயர் கானா. சாவு வீட்டில் ராத்திரி முழுக்கப் பாடும் பாட்டு. கையில் கிடைத்ததைத் தட்டினால் தாளம், பேசுகிற பாஷையே வரி. 'டீசன்ட்' ஆட்கள் முகம் சுளித்தார்கள். சினிமா மெட்டை மட்டும் எடுத்துக்கொண்டு பாடியவர்களைத் தெருவிலேயே விட்டது.

2017-ல் இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும், இசையமைப்பாளர் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவை உருவாக்கினார்கள். 2018 ஜனவரி 6, கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை. ஆயிரக்கணக்கில் கூட்டம். அறிவின் ராப், முத்துவின் கானா, பெண்கள் அதிகம் பாடாத கானாவைப் பாட இசைவாணி. கிடார், டிரம்ஸ் பக்கத்திலேயே பறை, சட்டி, கட்ட மோளம். அந்த ஆண்டே 'மகிழ்ச்சி' ஆல்பம் வந்தது.

பாட்டு வரிகளுக்கு முன்னாடியே அரசியல் ஆரம்பித்துவிடுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். நம்ம கொங்குப் பக்கம் இழவு வீட்டில் பறை அடிப்பவர்கள் எங்கே நிற்பார்கள்? வாசலுக்கு வெளியே. சத்தம் மட்டும் உள்ளே போகலாம், ஆள் போகக் கூடாது. அந்தப் பறைக்குக் கிடாருக்குச் சமமாக மைக் வைத்தால், அதுவே பாதிப் பாட்டு!

மீதிப் பாதியில் இட ஒதுக்கீடு, மாட்டுக்கறி, அம்பேத்கர் எல்லாம் வருகிறார்கள். குறை இல்லாமல் இல்லை. சில இடங்களில் பாட்டு கோஷமாகிவிடுகிறது. மேடையில் இருந்த சூடு ஸ்டுடியோவில் கொஞ்சம் ஆறித்தான் போயிருக்கிறது. ஆனால் இட ஒதுக்கீடு பற்றி ஒரு வகுப்பறையில் மணிக்கணக்கில் சண்டை போட்டும் புரியாதது, 'கோட்டா' பாட்டில் சில நிமிடத்தில் புரிகிறது. அதுவும் ஆடிக்கொண்டே!

குழுவின் பெயருக்கு ஒரு கதை உண்டு. அது நமக்கு ரொம்பப் பக்கத்து ஊர்க் கதை. 'சாதியற்ற தமிழர்' என்ற சொல்லைத் தந்த அயோத்திதாசப் பண்டிதர் (1845-1914) வளர்ந்தது நீலகிரியில். 1891 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதிபேதமற்ற திராவிடர் என்று பதியச் சொன்னவர். அதே ஆண்டில் திராவிட மகாஜன சபையின் மாநாட்டை ஊட்டியில் கூட்டினார். மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறினால் வந்துவிடும். நம்மில் எத்தனை பேர் அங்கே பொட்டானிக்கல் கார்டனோடு திரும்பியிருக்கிறோம்?

1907-ல் அவர் தொடங்கிய வாரப் பத்திரிகையின் பெயர் 'ஒரு பைசாத் தமிழன்'. விலையையே பெயரில் வைத்துவிட்டார்! காமர்ஸ் படிப்பவர்கள் மார்க்கெட்டிங் பேப்பரில் எழுதலாம். 1976-ல் லண்டன் பையன்கள் ஜெராக்ஸ் எடுத்து ஸ்டேப்ளர் அடித்து விற்ற பங்க் பத்திரிகைகளுக்கு எழுபது வருஷம் முன்னால்.

2020-ல் இசைவாணி பெயர் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் வந்தது. 2024 நவம்பரில், பல வருஷம் முன்பு அவர் பாடிய 'ஐ ஆம் சாரி ஐயப்பா' பாட்டைத் தேடி எடுத்து, காவல்துறையில் புகார் கொடுத்தார்கள். மிரட்டல்களும் வந்தன. சபரிமலைக்குப் பெண்கள் போவதைப் பற்றிய பாட்டு அது.