காணியை ஈடு வைக்கத் தரகர் தேவையா?

வீடு திருத்தவோ தொழில் தொடங்கவோ காணியை ஈடு வைக்க நினைப்பவர்கள், தரகரை நாடலாமா என்று என்னிடம் கேட்பதுண்டு. நாடலாம். கடன் கொடுப்பவரைக் காட்டவும் ஆவணங்களை ஒழுங்குபடுத்தவும் அவர் உதவுவார். ஆனால் மூன்று விடயங்களை அவரிடம் விடாதீர்கள்.

ஒன்று, தோம்பு. யாழ்ப்பாணக் காணிப் பதிவகத்தில் கட்டணம் செலுத்தி நீங்களே பார்க்கலாம். இடம்பெயர்வில் உறுதி தொலைந்திருந்தால், பிரதிக்கும் அங்கேயே விண்ணப்பிக்கலாம்.

இரண்டு, உறுதியின் வகை. ஈட்டு உறுதியில் காணி உங்களுடையதாகவே இருக்கும். அறுதி உறுதியில் கைமாறிவிடும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி இரண்டையுமே நொத்தாரிசு முன்னிலையில், இரு சாட்சிகளுடன்தான் ஒப்பமிடுவர். பார்வைக்கு வேறுபாடு தெரியாது. "பாதுகாப்புக்காக அறுதியாக எழுதுவம், காசு கட்டினதும் திருப்பி எழுதித் தாறம்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

மூன்று, சம்மதம். தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன் சீதனக் காணியை ஈடு வைக்கவும் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். கணவன் காணாமல் ஆக்கப்பட்டிருந்தால் மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதியைப் பெறவேண்டும். அதற்குத் தேவை சட்டத்தரணி, தரகரல்ல.

தரகுப் பணம் எவ்வளவு, யார் கொடுப்பது என்பதையும் முதலிலேயே எழுத்தில் வாங்குங்கள். இதற்கெல்லாம் உடன்படாத தரகர் உங்களுக்குத் தேவையில்லை.