மாளிகைமேட்டு ஓடுகள்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் கொல்லையில் கிணறோ பந்தல்காலுக்குக் குழியோ வெட்டுகிறவருக்கு மண் இரண்டு விதமான வியப்புகளை வைத்திருக்கிறது. குன்னம், காரை, சாத்தனூர்ப் பக்கம் அகப்படுவது பழைய கடல்: ஆட்டுக்கிடாயின் கொம்புபோலச் சுருண்ட அம்மோனைட் கல், சிப்பி, கல்லாகிப்போன மரம். பதினெட்டு மீட்டருக்கும் மேல் நீளமுள்ள சாத்தனூர்க் கல்மரத்தை 1940இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்து அறிவித்தார். 2020இல் குன்னத்தில் நீர்நிலையைத் தூர்வாரியபோது உருண்டை உருண்டையாகக் கற்கள் வெளிவர, டைனோசர் முட்டை என்று ஊரெல்லாம் பேச்சாயிற்று. அவை அம்மோனைட்டுகளைச் சூழ்ந்து இறுகிய கடற்படிவங்கள் என்று பிறகு தெளிவானது. கிழக்கே ஜெயங்கொண்டம் தாண்டி, உட்கோட்டை, மாளிகைமேடு பக்கம் அகப்படுவது வேறு: செங்கல், ஓட்டுத்துண்டு, பானைச்சில்லு. முதல் வகையைப் பார்க்கக் கூட்டம் கூடுகிறது. இரண்டாவதைப் பொறுக்கி வேலியோரம் எறிந்துவிட்டு வெண்டை விதைக்கிறோம். ஆனால் ஒரு வீட்டுக்கு வேண்டிய பண்டத்தை எங்கே, யாரிடம் வாங்குவது என்ற கேள்விக்கு இந்த மண்ணில் பழைய சான்று ஒன்று உண்டென்றால், அது நாம் எறிந்துவிடும் அந்த ஓட்டுத்துண்டுதான்.

முதலாம் இராசேந்திரன் 1025ஐ ஒட்டி உருவாக்கிய தலைநகர் கங்கைகொண்டசோழபுரம். ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டுகள் சோழப் பேரரசு அங்கிருந்து ஆளப்பட்டது. அங்குள்ள பெரிய கோயிலுக்குத் தென்மேற்கே இரண்டு கிலோமீட்டர் அளவில் இருக்கிறது மாளிகைமேடு. அங்கே தமிழ்நாடு தொல்லியல் துறை 1980களில் அகழ்ந்தது. 2021இலிருந்து மறுபடியும் அகழ்ந்தது. அரண்மனை என்று கேட்டதும் நம் மனம் கல்லையும் பொன்னையும் தேடும். மண்ணுக்குள் இருந்தவை செங்கல் சுவர்கள், மரத்தூண்களைத் தாங்கிய கருங்கல் பீடங்கள், சிறிய அளவில் நேர்த்தியாகச் சுட்ட கூரை ஓடுகள், இரும்பு ஆணிகள், கொக்கிகள். கூடவே சீனத்துப் பீங்கான் சில்லுகள். அந்த அரசின் தூதர்கள் 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சீனத்துக்குப் போனதைச் சீனர்களின் சோங் அரசு ஆவணங்கள் சொல்கின்றன. ஆகவே பீங்கான் வந்ததில் புதுமை இல்லை. கடல்தாண்டி எதையும் வரவழைக்கக்கூடிய வசதி இருந்த அந்த மாளிகையில் வெளியிலிருந்து வந்தது மேசைக்கும் மாடத்துக்கும் உரிய பண்டம். தலைக்கு மேலிருந்த கூரையையும் சுற்றியிருந்த சுவரையும் அந்த வட்டாரத்து மண்ணும் சூளையும்தான் கொடுத்திருக்க வேண்டும். அந்நியப் பண்டத்தை அறியாத ஊரல்ல அது. நன்றாக அறிந்தும் எதற்கு எது என்று வகுத்து வைத்திருந்த ஊர்.

இதை மறுப்பவர் எளிதாக ஒன்று சொல்வார்: ஓடும் செங்கலும் கனத்த சரக்கு, வண்டிக்கூலி கட்டாது, அதனால் பக்கத்திலேயே சுட்டார்கள், இதில் கொள்கை எங்கே வந்தது? சொல்வதில் பாதி சரி. அந்தக் காலத்துக் குயவரிடமும் கொத்தரிடமும் சுதேசிக் கொள்கை இருந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் கட்டாயத்தால் தொடங்கிய பழக்கத்திலிருந்தும் ஒரு தேர்ச்சி விளையும். மாளிகைமேட்டு ஓட்டின் சீரான தடிமன் ஒரே ஒரு அரண்மனைக் கட்டளையால் வந்துவிடக்கூடியதல்ல. ஆண்டு முழுதும் பானையும் சட்டியும் சுட்டுப் பழகிய கை வேண்டும். அன்றாடத் தேவை ஓயாமல் இருந்தால்தான் அரிய வேலைக்கும் ஆள் இருப்பான். பின்னாளில் இந்த வட்டாரத்தில் நடந்ததைப் பார்த்தாலும் இதுவே தெரிகிறது.

அந்த நகரம் இரண்டு முறை அழிந்தது எனலாம். முதல் அழிவு அரசியலால். அடுத்தது மெதுவாக, கடப்பாரையால். சுற்றுவட்டாரத்தில் வீடு கட்ட மாளிகைமேட்டுச் செங்கல் பெயர்க்கப்பட்டது. 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை எழுந்தபோது கோயிலின் திருமதில் இடிக்கப்பட்டு, அதன் கருங்கற்கள் அணைக்குப் போயின. பதிலுக்குச் செங்கல் மதில் கட்டித் தருவதாகச் சொன்ன வாக்கும் நிறைவேறவில்லை. வீட்டுக் கூரையின் கதை வேறு. 1865இல் மங்களூரில் பாசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலையைத் தொடங்கியது. அச்சில் அழுத்தி வந்த அந்தச் சீமை ஓடு ஒன்றோடொன்று பொருந்தி நின்றது. சட்டத்தின் மேல் அதிகப் பாரம் ஏற்றவில்லை. நாட்டு ஓடு தோற்றது. அதற்குப் பிறகு வந்தது சிமெண்டு.

அந்தச் சிமெண்டும் அந்நியச் சரக்கல்ல என்பதுதான் இங்கே யோசிக்க வேண்டியது. குன்னத்து அம்மோனைட்டுகள் வாழ்ந்த அதே கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புக்கல்லில்தான் அது தயாராகிறது. தமிழ்நாடு சிமெண்ட்ஸ் நிறுவனத்தின் அரியலூர் ஆலை 1979இல் உற்பத்தியைத் தொடங்கியது. தனியார் ஆலைகள் பல சூழ்ந்து நின்று, இன்று அரியலூர் என்றாலே சிமெண்டு என்றாகிவிட்டது. உள்நாட்டுப் பொருளை வாங்குவதே தேசத்தொண்டு என்று கொண்டால், அரியலூர் மூட்டையைவிட உள்ளூர்ப் பொருள் எது? ஆனால் அந்த மூட்டைக்காக வயல் சுரங்கமாகிறது. குழியில் கிடந்த கல்லான உயிர்களும் அரைபட்டுப் போகின்றன. ஆகவே எந்த நாட்டில், எந்த ஊரில் செய்தது என்ற கேள்வி மட்டும் போதாது. இதை முன்பே தெளிவாகப் பார்த்தவர் தஞ்சாவூரில் 1892இல் பிறந்த ஜே.சி. குமரப்பா. 1934இல் தொடங்கிய அகில இந்திய கிராமத் தொழில் சங்கத்தை நடத்திய அவர், ஒரு பண்டத்தை வாங்குகிறவன் அது உருவான விதத்துக்கும் பொறுப்பாளி என்று வாதிட்டார். நம் கண்ணுக்கு எட்டும் வட்டத்துக்குள் வாங்கினால்தான் அந்தப் பொறுப்பை ஏற்க முடியும் என்பது அவர் கட்சி. அவர் சுதேசிக்குக் கொடுத்த பொருள் தேச எல்லையைவிடச் சிறியது. அதனாலேயே கடைப்பிடிக்கக் கடினமானது. இதற்காகச் சிமெண்டுக் கூரை வேண்டாம் என்று எவரும் சொல்லக் கூடாது. மழைக்கு ஒழுகும் குடிசையில் இருந்தவருக்குக் காங்கிரீட் வீடு பெரிய விடுதலை. சுவரும் கூரையும் ஆலையிடம் போனபின் வீட்டுக்குள் என்ன மிச்சம் என்பதுதான் என் கவலை.

உள்ளூர்க் கைவினை என்று பேசத் தொடங்கியதும் எழும் வலுவான எதிர்ப்பு சாதி பற்றியது. அதைத் தட்டிக்கழிக்க முடியாது. சோழர் காலத்துச் சூளையை நினைத்து உருகுகிறவர்கள் அதே காலத்துக் கல்வெட்டுகளையும் படிக்க வேண்டும். முதலாம் இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகளில் ஊர்நத்தத்துக்கு வெளியே கம்மாளர் குடியிருப்பான கம்மாணச்சேரியும் பறைச்சேரியும் தனித்தனியே குறிக்கப்படுகின்றன. ஓடு சுட்டவர் வேறு வேலைக்குப் போக முடியாத காலம் அது. குலத்தொழில் தளைதான், அதை விட்டு ஒருவர் மகனை ஐ.டி.ஐ.க்கோ கல்லூரிக்கோ அனுப்பினால் அது நல்லது. ஆனால் தளையை அறுப்பதும் தொழிலை அழிப்பதும் ஒன்றல்ல. விரும்பி வருகிறவர் எந்தச் சாதியில் பிறந்தாலும் கற்று, கௌரவமான கூலி பெறக்கூடிய தொழிலாக அதை மாற்றினால்தான் அந்தப் பழைய அநீதிக்கு விடை கிடைக்கும். கூலி உயராமல் அது நடக்காது. விற்காமல் கூலி உயராது.

பெரம்பலூர் மாவட்டத்தில் பச்சைமலை அடிவாரத்து அரும்பாவூர் இதற்கு அரைகுறையான உதாரணம். அங்கும் பக்கத்துத் தழுதாழையிலும் மா, வாகை, வேம்பு போன்ற மரங்களில் தெய்வ உருவங்களையும் கோயில் வாகனங்களையும் தேர்ச் சிற்பங்களையும் செதுக்குகிறார்கள். ஒரே மரத்துண்டிலிருந்து முழு உருவத்தையும் எடுப்பது அந்த ஊரின் கைத்திறன். முகத்துக்கு வரும்போது உளி சறுக்கினால் அதுவரை செய்த வேலையெல்லாம் வீண். அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மகிழ வேண்டியதுதான். ஆனால் குறியீடு காப்பது பெயரை. அது பூசையறைக்கும் வரவேற்பறைக்கும் ஒருமுறை வாங்கும் பொருள். சமையலறைக்குத் தினமும் வேண்டிய பொருளல்ல. இந்த வட்டாரத்தில் குழம்புச்சட்டியும் தண்ணீர்ப்பானையும் செய்கிறவருக்குக் குறியீடும் இல்லை, ஆண்டு முழுதும் வாங்க ஆளும் இல்லை.

பிளாஸ்டிக் குடம் மலிவு, உடையாது, கூலி வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அதுவே வசதி என்பார்கள். உண்மை. அதனால்தான் இந்தச் சுமையை ஏழை வீட்டின் மனச்சாட்சி மேல் ஏற்றுவது அநியாயம். முதலில் வாங்க வேண்டியது அரசு. 2024இல் ஏரி வண்டலை விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் எடுக்க வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி என்று விதி தளர்ந்தது. மண்ணுக்கு வழி பிறந்தது, சந்தைக்குப் பிறக்கவில்லை. பொங்கல் பரிசாக அரிசியும் சர்க்கரையும் கரும்பும் இரண்டு கோடிக்கு மேற்பட்ட குடும்ப அட்டைகளுக்குப் போயிருக்கின்றன. அதில் மண்பானையும் அடுப்பும் சேர்த்துக் கொடுங்கள் என்று மண்பாண்டத் தொழிலாளர்கள் நெடுங்காலமாகக் கேட்கிறார்கள். ஒரே ஒப்பந்தக்காரரிடம் கொடுத்தால் அது வேறொரு ஆலைக்குப் போய்விடும். அந்தந்த வட்டத்துச் சூளைகளில் அந்தந்த வட்டத்துப் பானைகளை வாங்க வேண்டும். கொள்முதல் ஆணையும் மார்கழியில் வந்தால் பயனில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் பச்சைப் பானை காயாது, சூளையில் வெடிக்கும். ஆடியிலேயே ஆணையும் முன்பணமும் கைக்கு வந்தால், மழைக்கு முன் சுட்டு அடுக்கிவிடலாம்.